இளவேனிலுக்கு நூற்று முப்பது

ஜூன் 14, 2025, சனி

இது நடக்கும் என்று நான் முதலிலேயே சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்று சொன்னேன், ஒரு தாள் கேட்பார்கள் என்று சொன்னேன், கடைசியில் அந்தத் தாளே நம் பிள்ளைக்கு மாலை போடும் என்றும் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்பது நினைவில்லை. சொன்னது நிச்சயம்.

தங்கை சௌந்தரவல்லி மதியம் அம்பகரத்தூரிலிருந்து நேராகத் திருநள்ளாற்றில் என் கடைக்கே வந்துவிட்டாள். சனிக்கிழமைக் கூட்டம். எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுக்குப்போட வந்தவர்களுக்கு நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்துக் கொடுத்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டேன். அவள் மகள் இளவேனில் ஒன்பதாம் வகுப்புக்குப் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தலைமையாசிரியை கூப்பிட்டு, ஐ.க்யூ. சோதனை செய்து தாள் கொண்டுவாருங்கள் என்றிருக்கிறார். எழுபதுக்குக் கீழே இருந்தால் இங்கே வைத்துக்கொள்ள முடியாதாம். டி.சி. வாங்கிக்கொண்டு வெளியூரில் சிறப்புப் பள்ளி பார்க்க வேண்டியதுதானாம்.

இளவேனிலுக்கு ஆட்டிசம். ஐந்து வயதிலேயே புதுச்சேரியில் சொல்லிவிட்டார்கள். அவளிடம் ஒன்று கேட்டால் பதில் வரும், அன்றைக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்குச் செவ்வாய்க்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லுவாள். அதற்குள் கேட்டவனுக்குக் கேள்வி மறந்திருக்கும்.

"அண்ணே, எழுபதுக்கு மேல வருமா?"

நூறைத் தாண்டும் என்றேன். தாய்மாமன் வேறு என்ன சொல்வான்?

ஜூன் 17, செவ்வாய்

தங்கை வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பங்கஜவல்லி கொல்லைச் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, "நடராசண்ணே, மார்க்கு கம்மியா வாங்கச் சொல்லுங்க. அப்பத்தான் மாசாமாசம் கவர்மென்ட் பணம் வருமாம்" என்றது.

குறைந்த மார்க் வாங்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது என்று சொல்லிவிட்டேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றது வேறு விஷயம். அந்தப் பள்ளிக்கூடம் எனக்குப் பொருந்தவில்லை.

ஜூன் 21, சனி

பயிற்சி தொடங்கியாயிற்று. கும்பகோணத்திலிருந்து சாமி கும்பிட வந்த ஒருவர், தன் மகனுக்கு இதே சோதனை எடுத்தவர். கடையில் நிற்க வைத்து நான்கைந்து கேள்விகளைக் கறந்துவிட்டேன். சாயங்காலம் இளவேனில் பெயருக்கு அர்ச்சனை செய்து, விபூதியோடு போய் உட்கார்ந்தேன்.

"படகும் பஸ்ஸும் எந்த விதத்தில் ஒன்று? தயங்காமல் சொல்லணும் – இரண்டும் வாகனம்." பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுகிறது என்பது எனக்குத் தெரியும்.

அவள் அப்பா சிவநாதன், "மச்சான், இது பரீட்சை இல்லையாமே" என்று இழுத்தார். கேள்வி இருக்கிறது, மார்க் இருக்கிறது. பரீட்சை இல்லாமல் கல்யாணமா?

ஜூன் 26, வியாழன்

காரைக்காலில் சோதனை. உளவியலாளர் பாரதிப்ரியா சின்ன வயதுதான், அமைதியாகப் பேசுகிறார். என்னை வெளியே உட்காரச் சொன்னார். கதவு முழுசாகச் சாத்தவில்லை, நானும் சொல்லவில்லை.

அதே கேள்வி வந்தது. படகு, பஸ். என் நெஞ்சு நிமிர்ந்தது.

"ரெண்டும் வாகனம்னு சொல்லச் சொன்னாரு மாமா" என்றாள் இளவேனில்.

"சரிம்மா. நீ என்ன நினைக்கிற?"

பதில் இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த கேள்விக்கும் அப்படியே. மாமா சொன்னது இது என்று ஒழுங்காக ஒப்பித்துவிட்டு மௌனம். பாரதிப்ரியா வெளியே வந்தார்.

"சார், நீங்க சொல்லிக்குடுத்தா அது உங்க மார்க்கு ஆயிடுங்க. அதுக்கு நீங்க தனியா வரணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு வேறு கேள்விகள் கேட்டார். பிறகு பேச்சே இல்லாத பகுதி: கட்டைகளை அடுக்கிப் படத்தில் இருப்பதுபோலச் செய்ய வேண்டும், விட்டுப்போன கோலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இளவேனில் விரல்கள் ஓடின. இடையில் ஒருமுறைகூட மின்விசிறியைப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் நானும் ஒரு கை பார்க்கிறேன் என்றேன். நான்கு கட்டைதான். நான் அடுக்கியது இன்னும் பதிவு செய்யாத கட்சியின் கொடிபோல வந்தது. கண்ணாடி கொண்டுபோகவில்லை.

தெருவில் வந்து, டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார் என்றேன். எழுந்தது உண்மை. ஏ.சி.யைக் குறைக்க.

ஜூன் 28, சனி

கடையை அடைத்துவிட்டுத் தங்கை வீட்டில் சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் கொத்சு. இளவேனில் திடீரென்று, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ரெண்டுலயும் ஏறுறதுக்கு முன்னாடி அம்மா என் கையப் புடிச்சுக்கும்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சிவநாதனுக்குத்தான் முதலில் பொறிதட்டியது. படகும் பஸ்ஸும். அரசலாற்றில் ஒருமுறை படகில் போயிருக்கிறார்கள்.

சௌந்தரவல்லி ரசம் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவள் ரொம்ப நேரம் வரவில்லை.

உடனே பாரதிப்ரியாவுக்குப் போன் போட்டேன். மார்க் உண்டா என்றேன். "மார்க்கு இல்லைங்க சார். ஆனா எழுதிக்கிறேன்" என்றார். மார்க் இல்லாததை எதற்கு எழுதிக்கொள்கிறார்? படித்தவர்கள் வழக்கம்.

ஜூலை 9, புதன்

தாள் வந்துவிட்டது, காரைக்கால் போய் வாங்கி வந்தோம். நான் சொன்னபடியே.

கேட்டுப் பதில் சொல்வதில் அறுபத்து நான்கு. பார்த்துச் செய்வதில் நூற்றுப் பதினெட்டு. மொத்தம் நூற்று முப்பது.

இன்னொன்றும் சொன்னார் பாரதிப்ரியா. வாயால் ஒரே மூச்சில் நான்கு வேலை சொன்னால் இளவேனில் காதில் ஒன்றுகூட நிற்காதாம். எழுதிக் காட்டினால், படம் போட்டுக் காட்டினால் நிற்கும். பிடிவாதம் இல்லை, வரும் வழி குறுகல், அவ்வளவுதான். சௌந்தரவல்லி முகம் மாறியது. தினம் காலையில் குளி, சாப்பிடு, பையை எடு, டிபன் பாக்ஸை மறக்காதே என்று ஒரே மூச்சில் கத்துகிறவள் அவள்தான்.

"திமிருன்னு அடிச்சிருக்கேன் அண்ணே" என்றாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முகம் கழுவப் போய்விட்டாள். மீதியை நான் மட்டும் இருந்து கேட்டுக்கொண்டேன்.

தாளைப் படித்த தலைமையாசிரியை டி.சி. பேச்சை விட்டுவிட்டார். கேள்வியை எழுத்தில் கொடுப்பது, தேர்வில் அரை மணி கூடுதல். பிள்ளை அங்கேயே படிக்கும். வெற்றி.

ஜூலை 20, ஞாயிறு

அம்பகரத்தூர் முழுக்க நூற்று முப்பதுதான் பேச்சு. பஸ் கண்டக்டர்கூட விசாரித்தார்.

தங்கை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிமேல் நான்கு படம் ஒட்டியிருக்கிறார்கள்: வாளி, தட்டு, பை, டிபன் பாக்ஸ். காலையில் அந்த வீட்டில் சத்தமே இல்லை. இதைப் பார்த்துவிட்டு என் மனைவியும் எனக்கு ஒரு படம் ஒட்டியிருக்கிறாள். வாயை மூடிய மனிதன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மனசு சரியில்லை.

வகுப்பு ஆசிரியை அரை மணியை எடுத்துவிட்டார். நூற்று முப்பது இருக்கிற பிள்ளைக்கு எதற்குச் சலுகை, மற்றப் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றாராம். கேள்வியை வாயால் படித்திருக்கிறார். இளவேனில் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். தெரிந்தும் எழுதவில்லை, திமிர் – அதே சொல். போதாததற்குச் சுதந்திர தின வினாடி வினாவில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மேடையில், மைக்கில், பத்து நொடியில் பதில். இவளுக்கு.

பிள்ளை வந்ததிலிருந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. சாப்பிடவில்லை.

"எழுபதுக்குக் கீழன்னா வெளிய போன்னு சொல்வாங்கன்னு பயந்தேன்" என்றாள் சௌந்தரவல்லி. "இப்ப மேலன்னு சொல்லி அடிக்கிறாங்க. பள்ளிக்கூடம் வரைக்கும் போயி நூத்திமுப்பதுன்னு யாருண்ணே சொன்னது?"

ஊரென்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள் என்றேன். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேன். கொத்சு காரம்.

இன்றைக்குக் கொத்சு இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். தலைமையாசிரியையிடம் தனியாகப் பேசினேன். அவர் கோப்பை எடுத்து மறுபடி படித்தார், வகுப்பு ஆசிரியையையும் கூப்பிட்டுப் படிக்க வைத்தார். அரை மணி திரும்பி வந்தது. எழுத்துக் கேள்வி திரும்பி வந்தது. வினாடி வினாவில் பெயரை அடித்தாயிற்று. எல்லாம் என் பேச்சுத் திறமை.

என்ன பேசினேன் என்பது இங்கே தேவையில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விட்ட தேர்வைத் திரும்ப எழுத வைத்தார்கள். பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். கட்டுரை மட்டும் பாக்கி. அது எந்தக் கிழமையில் வருமோ.

ஆகஸ்ட் 9, சனி

இரவு தங்கை வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருந்தோம். பங்கஜவல்லி சுவருக்கு அந்தப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தது. அது வியாழக்கிழமையே இளவேனிலிடம், "நெசமா நூத்திமுப்பதாடி?" என்று கேட்டிருக்கிறது. கேட்டது அதற்கே மறந்துபோயிருக்கும். இளவேனில் எழுந்து சுவரருகே போனாள்.

"மாமாவக் கேளுங்க. மார்க்கு போட்டது அவருதான்."

பங்கஜவல்லி கையிலிருந்து துணி விழுந்தது. சௌந்தரவல்லி என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே?" என்றாள். நான் தென்னைமரத்தைப் பார்த்தேன். சிவநாதன்தான் முதலில் சிரித்தார், பிறகு தங்கையும். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சிரிக்கிறாள், அதனால் விட்டுவிட்டேன். இளவேனில் உதட்டோரத்திலும் ஏதோ இருந்தது. இருட்டு.

கிண்டலாம்மா அது என்று கேட்டேன். எழுபதோ நூறோ, இப்படி ஒரு கிண்டலுக்கு மார்க் போட எந்தச் சோதனையில் கட்டம் இருக்கிறது? பதில் திங்கட்கிழமை வரும். அதற்கு முன் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

மொத்தம் என்ற கட்டத்தில் பாரதிப்ரியா ஒரு கோடு போட்டிருந்தார். வெறும் கோடு. தங்கை முகம் கழுவப் போயிருந்தபோது, ஒரு எண் போட்டுக் கொடுங்கள் என்று நான் கெஞ்சினேன். அவர் சொன்னார்: "மேட்டூர் ரொம்பி வழியுது, நம்ம கடைமடை வாய்க்கால்ல புழுதி பறக்குது. ரெண்டையும் கூட்டி வகுத்து எல்லா எடத்துலயும் முழங்கால் தண்ணின்னு எழுதிக்குடுத்தா, நீங்க நாத்து விடுவீங்களா சார்?"

விடமாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனால் தெருவில் நாலு பேர் எவ்வளவு என்று கேட்கும்போது கோட்டை எப்படிச் சொல்வது? அறுபத்து நான்கும் நூற்றுப் பதினெட்டும் சேர்ந்தால் நூற்று முப்பது எப்படி வரும் என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தாளைப் படித்த பிள்ளை ஒன்றுதான் கணக்குப் போட்டிருக்கிறது.

தலைமையாசிரியையிடம் போன திங்கட்கிழமை சொன்னதும் இதைத்தான். நூற்று முப்பது என் கடையில் ஒரு பாட்டில் நல்லெண்ணெயின் விலை.