கலங்கிய ஓரங்கள்

பிப்ரவரி 9

என் அன்புச் சுண்டுவுக்கு,

நீ அனுப்பிய பார்சல் நனையாமல் வந்து சேர்ந்தது. இரண்டு அட்டைப்பெட்டி, அதற்குள் மூன்று பிளாஸ்டிக் உறை. பிரிப்பதற்குள் என் கை ஓய்ந்துவிட்டது. நூலைத்தான் அனுப்பினாயா, இல்லை நகையா?

இங்கே எங்களுக்குக் கொடுத்திருக்கும் கூடம் ஒரு பழைய சோப்புத் தொழிற்சாலை. நாலு மூலையில் நாலு கலைஞர்கள். என் தறி ஜன்னலோரம். பக்கத்து மூலைக்காரர் நாள் முழுக்க இரும்புக் கம்பியை வளைக்கிறார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லையாம்.

பெரிய சேதி ஒன்று. நவம்பர் கண்காட்சியில் எனக்கென்று தனி அறை தருகிறார்கள். அதில் ஒரே ஒரு வேலைதான் வைக்கப்போகிறேன், பன்னிரண்டு துண்டாக. ஆஸ்பத்திரி வாசலில் அன்றைக்கு நின்றோமே, அந்த வரிசை. நாற்பது பேர், மூடிய கதவு, நடுவில் அம்மா. கதவு திறப்பதற்குள் அவள் நம் கையிலேயே போய்விட்டாளே, அது இன்றைக்கு உன்னையும் என்னையும் தவிர யாருக்கு நினைவிருக்கிறது?

அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. இரண்டு துண்டுக்கு நீ கட்டிச் சாயம் போட்டு அனுப்பிய நூலில் ஓரமெல்லாம் கலங்கியிருக்கிறது. கட்டின இடம் வெள்ளையாக நிற்க வேண்டும், கட்டாத இடத்தில் சாயம் ஏற வேண்டும். இருபது வருஷமாக எனக்குக் கட்டித் தருகிறவளுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவில் கோடே இல்லை. ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டவில்லையா? நான் வரைந்து அனுப்பிய கட்டத்தைவிட்டு விரல் அகலம் தள்ளிப் போயிருக்கிறது.

உன் எழுத்தும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. காகிதத்துக்கு அப்படி என்ன பஞ்சம்?

மாப்பிள்ளைக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

உன் அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

திட்டினது போதும். கண்ணாடி மாத்தணும்னு ரெண்டு மாசமா நினைச்சுக்கிட்டே இருந்தேன், போன வாரம்தான் மாத்தினேன். கண்ணு சரியா தெரியலேன்னா கட்டு எங்கே சரியா விழும்? அடுத்தது ஒழுங்கா வரும். இது சத்தியம்.

இவர் ஸ்கூல் பஸ்ஸை எங்கேயோ கேட்டுல இடிச்சுட்டு வந்து, கேட்டுதான் வந்து மோதுச்சுன்னு சாதிக்கிறார். பாப்பா காலேஜ்ல சேர்ந்ததிலிருந்து வீட்டுல எங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாதுங்கிற முடிவுக்கு வந்துட்டா.

நீ பண்றேன்னு சொன்ன அந்த வரிசையில, அம்மாவுக்குப் பின்னாடி ஒரு ஆள் நின்னாரே, தலையில துண்டு கட்டிக்கிட்டு, அவரை வரைஞ்சிருக்கியா? அவர்தான் முதல்ல தண்ணி கொண்டுவந்தார்.

அடுத்த மூணு துண்டுக்கு நூல் கட்டி முடிச்சு, சாயம் போட்டுக் காயுது. பத்து நாள்ல வரும்.

சுண்டு


ஏப்ரல் 17

என் தங்கமே,

இதை நின்றுகொண்டே எழுதுகிறேன், உட்கார முடியவில்லை.

உன் மூன்று கட்டும் வந்தன. முதலில் வந்ததைவிட மோசம். உண்மையைச் சொல்கிறேன், உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நல்லவேளை, உனக்குக் கேட்கவில்லை. புதிதாகக் கட்டவும் நேரமில்லை. விதி என்று தறியில் ஏற்றி நெய்தேன்.

நேற்று, கண்காட்சி நடத்தும் கேலரிக்காரம்மா பார்க்க வந்தார். எப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற ஆள். துணி முன்னால் வந்து நின்றவர் நகரவே இல்லை. கடைசியில் சொன்னார்: "இந்த முகங்கள் நிக்கல. இப்பவோ அப்பவோ போயிடப்போகுது. எப்படி இதைச் செஞ்சீங்க?" நான் திரும்பிப் பார்த்தேன், சுண்டு. அவர் சொன்னது சரி. துணியில் இருக்கிற எல்லோரும் கால் மாற்றி மாற்றி நிற்கிறார்கள். அம்மாவின் தோள் அன்றைக்கு ஆடியது போலவே ஆடுகிறது. இருபது வருஷமாக நேர்க்கோடு நேர்க்கோடு என்று உன் உயிரை எடுத்தேனே, நான் ஒரு மடச்சி.

எப்படிச் செய்தாய்? தளர்த்திக் கட்டினாயா? மீதியையும் அப்படியே கட்டு. ஒரு மாற்றமும் வேண்டாம்.

ஆயிரம் முத்தங்களுடன்,
அக்கா


மே 8

அக்காவுக்கு,

நான் ஒண்ணும் செய்யல. கண்ணாடின்னு சொன்னதும் பொய்.

போன வருஷம் மழைக்கு முன்னாடியே வலது கை கட்டைவிரல் தானா ஆட ஆரம்பிச்சது. டீ டம்ளர் தட்டுல தாளம் போடும். அப்புறம் சட்டை பட்டன் போட முடியல. பட்டையை இழுத்து முடிச்சுப் போடும்போது கை ஒரு பக்கம் போகும், முடிச்சு ஒரு பக்கம் விழும். எழுத்து சின்னதாப் போனதுக்கும் அதேதான் காரணமாம். மார்ச்ல நரம்பு டாக்டர்கிட்ட போனோம். நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், அவ்வளவுதான். நோயோட பேரைச் சொல்லிட்டு, "இது போகாதும்மா. ஆனா மாத்திரையில கட்டிவைக்கலாம். நீங்களா ஒருநாளும் நிறுத்தக் கூடாது"ன்னார்.

உன்கிட்ட சொல்லாததுக்குக் காரணம், நீ வேற ஆளைத் தேடிடுவியோன்னு பயம். இருபது வருஷமா இது ஒண்ணுதான் என் வேலை.

ஆனா பாரு, மாத்திரை ஆரம்பிச்சு ஆறு வாரத்துல கை நின்னுடுச்சு! தினம் மூணு வேளை. நானே பட்டன் போட்டுக்கிறேன். இவர் அன்னைக்கு நான் நூல் கட்டுறதைப் பார்த்துட்டு வெளியே போய் நின்னுக்கிட்டார். ஆம்பளை அழுறதை நாம பார்க்கக் கூடாதாம்.

இதோட வர்ற ரெண்டு கட்டும் பழைய மாதிரி சுத்தமா இருக்கும். கூர்மையான ஓரம். நீ கலங்கல்தான் வேணும்னு எழுதினதைப் படிச்சேன். அதை இனிமே எப்படிக் கொண்டுவர்றதுன்னு எனக்குத் தெரியல. மன்னிச்சுக்கோ.

சுண்டு


ஜூன் 1

என் சுண்டுக் கண்ணே,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முழுநாள் அழுதேன். கம்பிக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். தனியாக இதைச் சுமந்தாயே. வேறு ஆளைத் தேடுவேன் என்று எப்படி நினைத்தாய்? உன் கை இல்லாமல் எனக்கு ஏது கலை?

கட்டுகள் வந்தன. நெய்தும் பார்த்துவிட்டேன். எப்படிச் சொல்வது? சுத்தமாக இருக்கிறது. மற்ற துண்டுகளுக்குப் பக்கத்தில் மாட்டினால் சுவரில் ஒட்டிய காகிதம் போல இருக்கிறது. கேலரிக்காரம்மா "இதுல யாரும் இல்லையே" என்றார். நானே தளர்த்திக் கட்டிப் பார்த்தேன். வேண்டுமென்றே கையை ஆட்டிக் கட்டினேன். பொய் என்று பார்த்தவுடன் தெரிகிறது.

சுண்டு, நான் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நிறுத்தச் சொல்லவில்லை, கடவுளே, அப்படிச் சொல்வேனா? காலை மாத்திரையை மட்டும், கட்டி முடித்த பிறகு மதியம் போட்டுக்கொண்டால் என்ன? சில மணி நேரம்தானே. இந்த இரண்டைத் தள்ளினால் இன்னும் ஏழு துண்டு. டாக்டரிடம் கேட்டுப் பார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். உனக்குக் கஷ்டம் என்றால் இந்தக் கடிதமே வரவில்லை என்று நினைத்துக்கொள்.

அம்மா அந்த ஏழில்தான் இன்னும் இரண்டு இடத்தில் வருகிறாள். அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

உன் அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

சரி.

டாக்டர்கிட்ட கேக்கல. கேட்டா என்ன சொல்வார்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவருக்கும் சொல்லல. காலையில பஸ் எடுக்கப் போயிடுவார், வர்றதுக்குள்ள மாத்திரை போட்டிருப்பேன்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. இத்தனை வருஷத்துல நீ வரைஞ்சதை நான் கட்டினேன். என்கிட்ட இருக்கிற ஒண்ணை நீ கேட்டது இதுதான் முதல் தடவை.

சுண்டு


ஆகஸ்ட் 12

என் உயிரே,

நான்கு துண்டு முடிந்தன. பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள், செத்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. ஒரு பத்திரிகைக்காரர் வந்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுக் கேலரிக்காரம்மா முதல்முறையாக என்னைக் கட்டிக்கொண்டார்.

இன்னும் மூன்றுதான். ஜூலையில் வந்த கட்டுகளில் ஆரம்பம் அற்புதம், முடிவில் கொஞ்சம் தெளிந்துவிட்டது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருக்கும் போல. கடைசி மூன்றுக்கு முழு நாளும் கிடைத்தால் ஒரே சீராக வரும். முடியுமா என்று நீயே பார்த்துக்கொள். உடம்புதான் முக்கியம்.

அக்கா


செப்டம்பர் 6

அக்காவுக்கு,

ரெண்டு கட்டு இதோட வருது. முழு நாளும் போடாமத்தான் கட்டினேன்.

கை ஆடுறது பெரிசில்ல. உடம்பு மரக்கட்டையாகுது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க நாலு தடவை முயற்சி பண்ணணும். நேத்து சாய அறை வாசல்ல நின்னுட்டேன், கால் வரவே இல்ல. தரையில பசை தடவின மாதிரி. காலைப் பார்த்து, "ஏய், வாடா"ன்னேன். அது என்னை மதிக்குதா? பாப்பா வந்து கையைப் பிடிச்சு இழுத்தா. "என்னம்மா, மாத்திரை போட்டியா?"ன்னு கேட்டா. போட்டேன்னு சொன்னேன்.

முகமும் அசைய மாட்டேங்குதாம். இவர் ஏதோ ஜோக் சொன்னார், நான் சிரிச்சேன். "ஏன் முறைக்கிற?"ன்னு கேட்டார்.

இன்னும் ஒண்ணுதான்.

சுண்டு


அக்டோபர் 19

அக்காவுக்கு,

மல்லாந்து படுத்துக்கிட்டு, சாப்பாட்டுத் தட்டு மேல காகிதத்தை வச்சு எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

பன்னிரண்டாவது கட்டு வராது.

போன மாசக் கடைசியில சாயப் பானையை அடுப்பிலிருந்து இறக்கித் தூக்கிட்டு வந்தேன். கொதிச்ச சாயம். பாதி வழியில கால் நின்னுடுச்சு. உடம்பு மட்டும் முன்னாடி போச்சு. இடுப்பெலும்பு உடைஞ்சுடுச்சு. இடது தொடையிலிருந்து முழங்கால் வரைக்கும் வெந்துடுச்சு. சிவப்புச் சாயம். இவர் ஓடிவந்து பார்த்துட்டு எல்லாம் ரத்தம்னு நினைச்சு அலறினது இன்னும் காதுல இருக்கு. தோலைத் துடைக்கத் துடைக்க சிவப்பு போகலேன்னு நர்ஸ் பாவம் குழம்பிப்போயிட்டா.

ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. இனிமே கம்பு இல்லாம நடக்கிறது சந்தேகம்தான்னு சொல்றாங்க.

டாக்டர் மாத்திரை டப்பாவைக் கொட்டி எண்ணிப் பார்த்தார். எக்கச்சக்கமா மிச்சம் இருந்தது. மறந்துபோயிட்டேன்னு சொன்னேன். உன் பேரை எடுக்கல.

கண்காட்சி நல்லா நடக்கட்டும்.

சுண்டு


நவம்பர் 28

என் சுண்டு,

ஆறு முறை எழுதிக் கிழித்தேன். விமானத்துக்குக்கூடப் பார்த்தேன். திறப்பு விழாவுக்கு எட்டு நாள்தான் இருந்தது, விட்டுவிட்டு வர முடியவில்லை. இப்படி எழுதும்போதே அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது.

பதினொன்றை மாட்டினோம். பன்னிரண்டாவது இடம் காலி. கேலரிக்காரம்மா, "அந்த வெறும் சுவர்தான் எல்லாத்தையும் விட நல்லாயிருக்கு" என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. சிரித்தேன்.

மேடையில் கேட்டார்கள், இந்தக் கலங்கல் எப்படி வந்தது என்று. உன்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் பாதியில் நிறுத்த முடியாது, எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். "பல வருஷமா கையைப் பழக்கினேன்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் கேட்டேன், நீ செய்தாய். கேட்டிருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிடு.

இத்துடன் கொஞ்சம் வெள்ளை நூல் வைத்திருக்கிறேன். அவசரமே இல்லை. அடுத்த வருஷம் ஒரு வேலை கேட்டிருக்கிறார்கள், சின்னதுதான். நீ நன்றாகத் தேறி, உனக்கே மனசு வந்தால் பார்க்கலாம்.

உன் அக்கா


ஜனவரி 15

அக்காவுக்கு,

பெட்டியை இவர்தான் பிரிச்சார். நூலைப் பார்த்ததும் உள்ளே போய், நீ ஜூன்ல எழுதின கடிதத்தை எடுத்துட்டு வந்து என் மடியில வச்சார். ஆஸ்பத்திரிச் சீட்டு தேடும்போது படிச்சிருக்கார். மூணு மாசமா அதைப் பத்தி வாயே திறக்கல.

"இதுக்கு நீ என்ன பதில் எழுதின?"ன்னு கேட்டார்.

"சரின்னு எழுதினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

 கடிதத்தை மடிச்சுக் கையில வச்சுக்கிட்டேன். அந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்காரங்களுக்கு அனுப்பணும்னு சொன்னார். நான் குடுக்கல. உன்னைக் காப்பாத்துறதுக்கு இல்ல. இது ரெண்டு பேர் செஞ்சது. என் பங்கை நான் இவர்கிட்ட சொல்லிட்டேன். உன் பங்கை நீ யார்கிட்ட சொல்வியோ, அது உன் பாடு.

மாத்திரை நேரத்துக்குப் போடுறேன். டப்பா இப்போ பாப்பா கையில இருக்கு. முழுங்கினதுக்கு அப்புறம் வாயைத் திறந்து காட்டச் சொல்றா.

நீ கொஞ்சம்னு எழுதின முப்பது சிட்டம் நூலையும் இதோட திருப்பி அனுப்புறேன். ஒரு சிட்டத்தையும் பிரிக்கல. இனிமே அனுப்பாதே.

கண்காட்சிப் படமெல்லாம் பாப்பா போன்ல காட்டினா. அம்மா நிக்கிற துண்டுங்களை மட்டும் பெரிசாக்கிப் பார்த்தேன். நல்லா வந்திருக்கு, அக்கா. இதைவிட நல்லா வரவே முடியாது. அதனாலதான் இந்த நூலை வீட்டுல வச்சுக்க எனக்குப் பயமா இருக்கு.

உன் தங்கை