நைனாவுக்கு மறதி நோய் என்று ஊருக்குச் சொன்னேன்

என் ஆசை நைனா,

நீ போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாள் உன்னோடு பேசாததற்கு வெட்கம்தான் காரணம். இப்போது சொல்ல ஒரு சேதி இருக்கிறது.

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர் வைக்கும் முறையை, 'பாடு' என்கிறோமே, அதை நீ ஒருநாளும் மீறியதில்லை. அப்படிப்பட்ட நீ, போவதற்கு முந்தின வருடம் இரண்டு தடவை மாணிக்கம் சித்தப்பாவின் முறையில் போய் வலை கட்டிவிட்டாய். ஊர் கூடியது. "இன்னிக்கு எங்க பாடுதானே?" என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டாய்.

"இன்னா ஏழுமல, நாடகம் போடுறியா?" என்றார் ஊர்த் தலைவர். மூன்று மாதம் ஏரியில் இறங்கக் கூடாது என்று தீர்ப்பு. கைகூப்பி நின்றாயே, எதற்கென்று உனக்குத் தெரிந்ததா? வீட்டுக்கு வந்ததும் நானும் உன்னைத் திட்டினேன்.

பிறகு எங்கள் பெயர்களும் உனக்கு மறந்துபோயின. அம்மா இல்லை, தம்பிக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை, நான் இறால் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். படகைத் தேடிப் போய்த் தண்ணீரில் விழுந்துவிடுவாயோ என்று வலைக்கயிற்றால் உன் காலைக் கட்டிலோடு கட்டிவிட்டுப் போனேன். துணி சுற்றித்தான் கட்டினேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன், எடுபடவில்லை. என்னை மன்னிப்பாயா?

உன் கடைசி மாதத்தில்தான் டாக்டரம்மா சொன்னார்கள். டிமென்ஷியாவாம், மூளையில் வருகிற மறதி நோயாம். நடிப்பு இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்ல நினைப்பதற்குள் நீ போய்விட்டாய். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் தலைவர் நம் வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"செல்வி, உங்க அத்தை அடுப்பப் பத்தவச்சிட்டு மறந்துடுறாம்மா. நேத்து என்னையே யாருனு கேக்குறா. உங்க நைனாவுக்கு வந்ததுதானா இது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, நைனா. கதவைச் சாத்தியிருப்பேன். ஆனால் அவர் மனைவி, அந்த அத்தை, என்ன பாவம் செய்தாள்?

"அதேதான் மாமா. அத்தையப் பாத்துக்க வழி இருக்குது. ஆனா எங்க நைனா மேல போட்ட பழிய ஊர் முன்னாடி நீங்கதான் எடுக்கணும்," என்றேன். அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

நம் குப்பத்தில் இன்று நான்கு வீடுகளில் இந்த நோய் இருக்கிறது. ஏரிக்கு முறை வைக்கிற ஊர், இவர்களுக்கும் முறை வைத்தால் என்ன? பகலில் வலை பின்னும் கூடத்தில் அவர்களை உட்காரவைக்கலாம். தினம் இரண்டு வீட்டார் துணையிருந்தால் மற்றவர்கள் வேலைக்குப் போகலாம். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லித்தர வாரம் ஒருநாள் வருவதாக ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒத்துக்கொண்டார்கள்.

நேற்று ஊர்க்கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்தேன்.

"பொம்பளைக்கு இங்க இன்னா பேச்சு?" என்று ஒரு குரல் வந்தது.

"எங்க நைனா தலகுனிஞ்சு நின்ன எடம் இது. சொல்லாம போகமாட்டேன்." எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

கடைசியில் தலைவர் எழுந்தார். "ஏழுமல தப்புப் பண்ணல. அது நோவு. நாடகம்னு சொன்னது என் வாய்தான், ஊரு மன்னிக்கணும்," என்று கைகூப்பினார். உடனே மாணிக்கம் சித்தப்பா, "கூடத்தக் குடுத்துடலாம். மொறையில என் வீட்டயும் எழுதிக்க செல்வி," என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

திங்கட்கிழமை ஆரம்பம். முதல் நாள் அத்தையோடு நான்தான் உட்காரப்போகிறேன். தலைவர் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை, உன்னிடம் பொய் சொல்வானேன். அந்தக் கோபத்தோடேயே அத்தைக்குத் தலைவாரிச் சோறு ஊட்டுவேன். ஊரில் எல்லோரும் சலித்து விலகினாலும் என் முறையை விடமாட்டேன், இது சத்தியம்.

அத்தை என்னை யாரென்று கேட்பாள். ஏழுமலை மகள் என்பேன். எத்தனை தடவை கேட்டாலும், அந்தக் கூடமே கேட்கிற மாதிரி சொல்வேன்.

உன் மூத்த பெண்,
செல்வி