வாசிக்காமல் விட்ட பக்கங்கள்

போன சனிக்கிழமை வீட்டு நிலவறையைத் துப்புரவாக்கும்போது, குளிர்காலச் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு அரைப் புத்தகம் கிடந்தது. அட்டை இல்லை. இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில், ஒரு வசனத்தின் நடுவில் தொடங்குகிறது. மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மெஷின் எண்ணெய் மணந்தது.

அதை நீ வெட்டிய நாள் நினைவிருக்கிறது, மச்சான். நம் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறை. "இவ்வளவு மொத்தமான புத்தகத்தை ஒருத்தன் வாசிச்சு முடிக்கும்வரை மற்றவன் காத்திருக்கிறது அநியாயம்" என்று சொல்லி, பாண் வெட்டும் கத்தியால் நடுவே பிளந்தாய். பக்கத்து மேசைச் சுவிஸ்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நீ வாசித்து முடித்த முதல் பாதியை என்னிடம் தள்ளிவிட்டு, இரண்டாம் பாதியோடு தேத்தண்ணியைக் குடிக்கத் தொடங்கினாய்.

சுவிஸின் வின்டர்தூர் நகரில் அந்த வேலைக்கு நாம் இருவரும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். அகதி விடுதியிலிருந்து வெளியே வந்த புதிது. நான் வகுப்புக்குப் போய் ஜெர்மன் படித்தேன். நீ பழைய சாமான் கடையில் அள்ளி வந்த விண்வெளிக் கதைகளிலிருந்து படித்தாய். அதனால் ஈர்ப்புவிசைக்கும் வால்வெள்ளிக்கும் உனக்குச் சொல் தெரியும், கத்தரிக்காய்க்குத் தெரியாது. ஒருநாள் காற்றுக் குழாய் ஒன்று ஒழுகியபோது, "விண்கலத்தின் சுவரில் ஓட்டை, காற்று வெளியேறுகிறது" என்று நம் மேலாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னாய். அந்த மனிதர் ஓய்வு பெறும்வரை உன்னை விண்வெளிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்.

பஸ்ஸில் வாசித்து இறங்குமிடத்தைத் தவறவிடுவாய். சோறு வெந்துகொண்டிருக்கும்போது வாசித்து அடிப்பிடிக்க விடுவாய். ஆனால் நமக்குள் இருந்த ஒரே சட்டத்தை மட்டும் நீ மீறியதில்லை: இரண்டாம் பாதி கையில் உள்ளவன் வாய் திறக்கக்கூடாது.

"எங்கடை ஆக்களின்ரை கதையளை வாசிக்கமாட்டியே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்கடை கதை எனக்குத் தெரியும். இதிலை அடுத்ததா என்ன நடக்கும் எண்டு தெரியாது. அதுதான் வாசிக்கிறன்" என்றாய்.

பிறகு சீனி வருத்தம் என்கிற நீரிழிவு உன் கண்களைக் கொண்டுபோனது. ஒலிப்புத்தகம் கேட்கச் சொன்னேன். "அதிலை வாசிக்கிறவன் நடிக்கிறான். நீ வந்து வாசி. உனக்கு நடிக்கத் தெரியாது" என்றாய். ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்கு உன் வீட்டுக்கு வந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்து, என் உச்சரிப்பைத் திருத்தினாய்.

அடுத்து சிறுநீரகம். கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. அந்தக் குளிர்காலத்தில் நாம் வாசித்த கதையில் ஒரு கிழட்டு மெக்கானிக் வருவார். விண்கலத்தைத் திட்டிக்கொண்டே திருத்துவார். உனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. கடினமான சொற்களைப் பழகிக்கொள்ள ஒரு சனிக்கிழமை நான் முன்கூட்டியே வாசித்தபோது, அடுத்த அத்தியாயத்தில் அவர் சாகிறார் என்று தெரிந்தது. மெதுவாக, மூச்சு முட்டி, நினைவு தப்பாமல். மறுநாள் அந்தப் பக்கங்களை விட்டுவிட்டு வாசித்தேன்.

இரண்டு பக்கம் போனதும் கையை உயர்த்தினாய்.

"மெக்கானிக் எங்கை?"

"வருவார்."

"வெளியிலை திருத்தப் போனவர். திரும்பி வந்ததா நீ வாசிக்கேல்லை. எத்தினை பக்கம் விட்டனி?"

"பதினொண்டு."

நீ உயர்த்திய கையை இறக்கினாய். "இத்தினை வருசமா ஒரு கதையின்ரை முடிவையும் நான் உனக்குச் சொல்லேல்லை. நீயா வாசிக்கவேணும் எண்டுதான். நீ மட்டும் ஏன் எனக்கு ஒளிக்கிறாய்?" உன் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "திரும்பிப் போய் வாசி."

வாசித்தேன். பல இடங்களில் சொற்கள் பிழைத்தன. அன்று நீ ஒன்றையும் திருத்தவில்லை. முடிந்ததும், "நல்ல சாவு. வேலை முடிச்சுப்போட்டுத்தான் போனவர்" என்றாய். பிறகு இன்னொரு தேத்தண்ணி கேட்டாய்.

அந்தப் புத்தகத்தை முடித்து, இன்னொன்றும் தொடங்கினோம். மரங்கள் துளிர்க்கும் நேரம் ஒரு வியாழக்கிழமை, நான் வேலையில் நின்றபோது நீ போய்விட்டாய். செத்த வீட்டில் எல்லாரும் நீ மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்ததையும் வதிவிட அனுமதிக்கு அலைந்ததையும் சொன்னார்கள். நீ வாசித்ததை யாரும் சொல்லவில்லை. நான் எழுந்து சொல்லியிருக்கலாம். கதிரையிலேயே இருந்துவிட்டேன்.

இப்போதும் நல்ல கதைகள் கிடைக்கின்றன. முடிவைத் தெரிந்துகொண்டு நான் சொல்லாமல் அடக்கி வைப்பதற்கு, எதிரில்தான் ஒருவரும் இல்லை.

ஞாயிறு பத்து மணிக்குச் சமையலறை மேசையில் சத்தமாக வாசிக்கிறேன். முதல்முறை என் மனைவி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"ஆரோடையப்பா கதைக்கிறியள்?"

"ஒருத்தரோடையும் இல்லை. வாசிக்கிறன்."

அவள் அடுப்புக்கு மேலே இரைந்துகொண்டிருந்த காற்றாடியை நிறுத்தினாள்.

கடினமான சொல் வந்தால் இப்போதும் சற்று நிற்கிறேன், நீ திருத்துவதற்கு. பிறகு எனக்குச் சரியென்று படுகிற மாதிரிச் சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போகிறேன்.