மாலை கழற்றும்வரை

நவம்பர் 9
துவைத்த கருப்புச் சட்டைகளை இன்றும் என் அறைக்குள்ளேதான் காயப்போட்டேன். குவார்ட்டர்ஸில் யாரும் பார்க்கக் கூடாதாம், அப்பா உத்தரவு. இருட்டையும் சாவையும் அழகாகப் பார்க்கிற கோத் பாணி அவருக்குப் புரியாது. கருப்பு உதடு, கருப்பு நகம், பிளாஸ்டர் மண்டையோட்டின் முன்னால் மெழுகுவத்தி — ஆகவே நான் பிசாசு. அவர் என்னைப் பவ்யா என்று கூப்பிட்டு இரண்டு வருஷம் இருக்கும்.

நவம்பர் 17
அப்பா சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். முதல்முறை. உடம்பெல்லாம் கருப்பு. என்னைப் பார்த்து, "காபி குடிச்சியா சாமி?"
பயந்துவிட்டேன்.

நவம்பர் 18
மாலை போட்டவர் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், கோபப்படக் கூடாது என்கிறாள் அம்மா. தெருநாயும் அவருக்குச் சாமிதான். அப்படியானால் எனக்கும் நாய்க்கும் என்ன வித்தியாசம்? நம்பாதே பவ்யா.

நவம்பர் 26
என் சட்டைகள் வெளியே கொடியில், அப்பாவின் கருப்பு வேட்டிக்குப் பக்கத்தில்! அம்மா வேலை. "எல்லாம் மாலைக்குன்னு நெனச்சுக்குவாங்கடி."
அதானே பார்த்தேன்.

டிசம்பர் 7
முகப்பேரில் ஆசிக்கைப் பார்த்தேன். எங்கள் கோத் கூட்டத்தில் அவன் ஒருவன்தான் கண்மையைக் கழுவிவிட்டுத் தொழப் போவான், வந்து மறுபடி இட்டுக்கொள்வான். அப்பா கதையைச் சொன்னேன். "அவரு சாமி கும்புட்டா உனுக்கு இன்னா மச்சான்? நீ மண்டையோட்டாண்ட குந்திகினு கீறியே, அது இன்னா சும்மாவா?"
இவனிடமும் அப்பா பேசியிருப்பாரோ?

டிசம்பர் 14
அறை வாசலில் நின்று அப்பா கேட்டார்: "இதாண்ட இன்னா வேண்டிக்குவே சாமி?"
வேவு பார்க்கிறாரா?
"ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒருநாள் செத்துருவோம்னு ஞாபகம் வெச்சுக்குவேன், அவ்ளோதான்."
தலையை ஆட்டிவிட்டுப் போனார். மாலையைக் கழற்றியதும் இருக்கிறது எனக்கு.

டிசம்பர் 23
இருமுடி கட்டிக் கிளம்பினார். மலைக்குப் போகிறவர்கள் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. திரும்புவது நம் கையில் இல்லையாம். சொல்லாமலே வேனில் ஏறினார். சாவைப் பற்றி இவ்வளவு பேசுகிறவள், வேன் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். வரேன்னு சொல்லிட்டுப் போயேன்பா — சொன்னா இன்னா ஆயிடும்?

டிசம்பர் 27
வந்துவிட்டார். மாலையைக் கழற்றியாயிற்று. மண்டையோட்டைத் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

டிசம்பர் 28
துவைத்ததை அறைக்குள் கொண்டுபோனேன். அப்பா வாளியைப் பிடுங்கினார். வெளியே போய், எதிர்வீட்டு ஞானம்மாள் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு சட்டையாக உதறிக் கொடியில் போட்டார். பக்கத்தில் வேட்டி இல்லை. என் கருப்பு மட்டும்.
"வெயிலு இவ்ளோ கீது. உள்ள போட்டு நாறடிக்கிறா பாரு, பிசாசு."
கிளிப்புகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.