எந்தப் பக்கம் வலிக்கிறது?

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனை ஏன் எடுப்பதில்லை என்று நாலு தடவை செய்தி அனுப்பிவிட்டாய். கோபம் ஒன்றும் இல்லையடா. பேசினால் பாதி வாக்கியத்தில் மூச்சு முட்டுகிறது. உடனே நீ "என்னாச்சு, என்னாச்சு" என்று ஊரைக் கூட்டுவாய். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. மூச்சு வாங்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.

தையலுக்குக் குறைவில்லை. பள்ளிச் சீருடை மட்டும் முப்பது ஜோடி கிடக்கிறது. ஆனால் மிதிக்க முடியவில்லை. இயந்திரத்துக்கு மோட்டார் போட்டுக்கொண்டேன். குனிந்து குனிந்து துணி வெட்டியதில் விலாவில் ஒரு பிடிப்பு. தைலம் தேய்க்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறது. வயசு அறுபத்தாறு, உடம்பும் வாடகை வீடுதானே, அங்கங்கே ஒழுகத்தான் செய்யும்.

பேருந்து ஓட்டுகிற நாளிலும் வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. எந்தப் பக்கம் வலிக்கிறது? தோள்பட்டை வரை ஏறுகிறதா? இருமல் இருக்கிறதா, சளி வருகிறதா, வறட்டு இருமலா? உடம்பு இளைத்திருக்கிறதா? வியர்க்கிறதா? எப்போது ஆரம்பித்தது?

தைலத்தைத் தூர எறி. மகளோடு போய் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்.

தம்பி

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

போலீஸ்காரன் தோற்றான் போ! சரி, வாக்குமூலம் கொடுக்கிறேன். வலப் பக்கம். தோள்பட்டை வரை ஏறுகிறது. இருமல் வறட்டு இருமல்தான். என் ரவிக்கையை இரண்டு தரம் பிடித்துத் தைத்தாகிவிட்டது. ஊராருக்கு அளவெடுக்கிறவளுக்குத் தன் அளவு தெரியாமலா போகும்? தலையணை உறை தினமும் வியர்வையில் நனைகிறது. எல்லாம் நாலைந்து மாதமாக.

மகள் விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம். முதுகுப் பக்கம் ஊசி குத்தி ஒன்றரை லிட்டர் எடுத்தார்கள். அன்றைக்குப் பட்டம் மாதிரி லேசாக நடந்து வந்தேன். பத்தே நாளில் மறுபடி கோத்துக்கொண்டது. காசநோயாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உன் அத்தானுக்கும் முதலில் இதைத்தானே கொடுத்தார்கள்? நீதானே கூட இருந்தாய், உனக்கு நினைவிருக்கும்.

ஒன்று சொன்னால் சிரிக்காதே. நேற்று நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது கையால் வலது விலாவை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அம்மா, அப்பா மாதிரியே உக்காந்திருக்க" என்றாள். எனக்கு அது தெரியவே இல்லை. கையை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கை தானாக அங்கேயே போய்விட்டது.

உன் அக்கா

பிப்ரவரி 8

அக்கா,

இதை நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் எழுதுகிறேன். பதினோரு வருடமாக இல்லாத தைரியம்.

கப்பல் பழுது பார்க்கும் தளத்தில் அத்தானும் நானும் மூன்று வருடம் ஒன்றாக வேலை செய்தோம் அல்லவா? கொதிகலன் குழாய்களில் நாங்கள் சுற்றிய வெள்ளைப் பஞ்சு கல்நார்தான். ஆஸ்பெஸ்டாஸ். பழையதைப் பிய்க்கும்போது எதிரே நிற்கிறவன் முகம் தெரியாது. அந்தத் தூசியோடு வீட்டுக்கு வருவோம். எங்கள் இரண்டு பேர் துணியையும் நீ பின்கட்டில் உதறி உதறித்தான் ஊறவைப்பாய். "மாவு மில்லுலயாடா வேல பாக்குறீங்க?" என்று கேட்பாய்.

அத்தானின் கடைசி மாதத்தில் பெரிய மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் புற்றுநோய், மீசோதீலியோமா என்றார். பிறகு கேட்டார்: "வேலைத் துணிய யாரு துவைச்சது?"

"எங்க அக்கா."

"அவங்களுக்கு மூச்சு வாங்கினாலோ, ஒரு பக்கமா நெஞ்சு வலிச்சாலோ தள்ளிப் போடாதீங்க. கல்நார் தூசி பட்டவங்கன்னு சொல்லிக் காட்டுங்க. முப்பது நாப்பது வருஷம் கழிச்சும் வரும்."

நான் அந்த அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, "நுரையீரல்ல தண்ணி கோத்திருக்குக்கா, வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

உன் நெஞ்சில் இருப்பது எந்தச் சட்டையின் தூசி என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தானுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். செத்தவர் மேல் பழி போடுகிறவன் ஆகிவிட்டேன், பார்.

நாளைக்கே போ. மருத்துவரிடம் கல்நார் என்று சொல். ஸ்கேனும், நுரையீரல் உறையிலிருந்து சதை எடுத்துச் செய்யும் பரிசோதனையும் கேள்.

தம்பி

மார்ச் 1

அக்கா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. மகளுக்குப் போன் செய்தேன். "அம்மா எழுதுவாங்க மாமா" என்று சொல்லி வைத்துவிட்டாள். திட்டியாவது நாலு வரி எழுது.

தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி சொன்னேன். இந்த ஊர் மருத்துவர் என் கையைப் பார்த்து, "நீங்க தையல்காரம்மாதானே, உங்களுக்கு எங்கேர்ந்து கல்நார்?" என்று கேட்டார். துவைத்தேன் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். சதை எடுத்துப் பார்த்ததில் அதேதான். குணமாகாது என்று மகள் அழுதாள். மருத்துவர் நேராகவே சொன்னார். அவர் எனக்குக் கொடுத்த மரியாதையைக்கூட நீ கொடுக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

நோயை விட இன்னொன்றுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. இத்தனை வருடம் நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம், நான் இருமினால் தட்டிலிருந்து தலை தூக்கிப் பார்ப்பாய். மாடிப்படி ஏறி வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு என் மூச்சையே கேட்பாய். என் தம்பிக்கு என் மேல் எத்தனை பாசம் என்று எதிர்வீட்டம்மாவிடம் பெருமை அடித்தேனடா. நீ என் சாவுக்குக் காவல் இருந்திருக்கிறாய்.

அதுவும் பாசம்தான் என்று மகள் சொல்கிறாள். இருக்கலாம். அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும். நாள்தான் குறைவாக இருக்கிறது.

துணியை உதறியது என் கை. யார் சட்டை என்று பிரித்து நான் உதறவில்லை. இனி நீயும் பிரிக்காதே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அதே பஞ்சில் மூன்று வருடம் கிடந்தவன் நீ. உன் நெஞ்சை ஒரு நாளாவது படம் எடுத்துப் பார்த்தாயா? மாட்டாய், எனக்குத் தெரியும். பயந்தாங்கொள்ளி. போய் எடு. படம் வைத்துத் தரும் உறையைப் பிரிக்காமல் இங்கே கொண்டு வா. இந்தத் தடவை நான்தான் முதலில் படிப்பேன். என்ன இருந்தாலும் உன் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை போனேன். சட்டையைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றேன். "மூச்ச இழுங்க, புடிங்க" என்றாள் படம் எடுக்கும் பெண். பிடித்தேன். முடிந்தது என்று சட்டையை எடுத்தேன். அவள் திரையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஐயா, இன்னொண்ணு எடுத்துக்கலாம், கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி நில்லுங்க" என்றாள்.

சட்டையை மறுபடி கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றேன்.

உறை ஒட்டியபடியே என் பையில் இருக்கிறது. ஞாயிறு காலை முதல் வண்டியில் வருகிறேன்.

தம்பி