வலது சக்கரம்

உத்தமபாளையம்,
3-10-2024

அன்புள்ள அருண் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் இருவருமே பாதியில் வைத்துவிடுகிறோம், அதனால் எழுதுகிறேன்.

நம் அம்பாசடர் காரை விலைக்குக் கேட்டுச் சின்னமனூரிலிருந்து ஒருவர் வந்தார். ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது என்று பாதியில் இறங்கிவிட்டார். இரண்டு வருஷமாக நின்ற வண்டி. சரிசெய்தால் எடுத்துக்கொள்வாராம். என்ன செய்யலாம்?

கட்டப்பனையில் மழையாமே. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே நான் சமைக்கிறேன், சாப்பிடுகிறேன். ருசிதான் தெரிவதில்லை.

செலின்


கட்டப்பனை,
8-10-2024

அன்புள்ள செலினுக்கு,

முதலில் முன் டயர்களில் காற்று பார். பிறகு மெக்கானிக் பொன்னுராஜை அழைத்து, ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல். அப்போதும் இறுகினால் சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராடைக் கழற்றிவிட்டு, சக்கரங்களைத் தனித்தனியே கையால் திருப்பிப் பார்க்கட்டும். திரும்பாத பக்கத்துக் கிங்பின்னில் கிரீஸ் இருக்காது. சக்கரம் திரும்பும் அச்சே அதுதான்.

அன்றைக்கு அருணிடமும் இதைத்தான் கேட்டேன், கிரீஸ் அடித்தாயா என்று. "அடிச்சிட்டேன்பா" என்றான். ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், இறுக்கம் கையில் தெரிந்தது. பொய்யா சொல்கிறாய் என்று தெருவே பார்க்க அறைந்தேன். பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் உயிரோடு திரும்பவில்லை. அவன் கடைசியாகச் சொன்னது ஒரு பொய். அந்த வாசலில் நிற்க முடியாமல்தான் இங்கே வந்து கிடக்கிறேன்.

ஆரோக்கியசெல்வம்


உத்தமபாளையம்,
19-10-2024

அன்புள்ள அருண் அப்பாவுக்கு,

இடது சக்கரம் லேசாகத் திரும்பியது, வலது அசையவில்லை. பொன்னுராஜ் கீழே படுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, இங்கன பாருங்க. கிரீஸ் ஏத்துற நிப்பிள் வாயில பெயிண்டு காஞ்சு அடைச்சிருக்கு. அருண் தம்பி கிரீஸ் அடிச்சிருக்காப்ல. உள்ள ஏறாம வெளிய வழிஞ்சு கட்டியாக் கிடக்கு. தம்பி அடிக்கவே இல்லன்னு அண்ணே சொன்னாகளே?"

அந்த வாரம்தான் அருண் வண்டியின் அடிப்பக்கமெல்லாம் கறுப்பு பெயிண்ட் அடித்தான். நிப்பிளையும் சேர்த்து அடித்திருக்கிறான். அது தெரியாமல் கிரீஸும் அடித்திருக்கிறான்.

அவன் பொய் சொல்லவில்லை.

உங்கள் மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். அதுகூட வரவில்லை. பொன்னுராஜ் புது நிப்பிள் போட்டு, சக்கரம் தூக்கியிருக்கும்போதே கிரீஸ் ஏற்றிவிட்டான். ஒரு விரலால் திருப்பலாம்.

செலின்


கட்டப்பனை,
24-10-2024

செலின்,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். அழ வேண்டும் என்று தெரிகிறது, அழுகை வரவில்லை. முப்பது வருஷ மெக்கானிக் நான். கை ஓங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் குனிந்து பார்க்கவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு அவனைப் பார்க்க வரலாமா? வேண்டாம் என்றால் வரவில்லை.

ஆரோக்கியசெல்வம்


உத்தமபாளையம்,
28-10-2024

அன்புள்ள அருண் அப்பாவுக்கு,

வண்டி நேற்று சின்னமனூருக்குப் போய்விட்டது. பழைய நிப்பிளை மட்டும் துடைக்காமல், காய்ந்த கிரீஸோடு தாளில் மடித்து வைத்திருக்கிறேன்.

வாருங்கள். மெழுகுவர்த்தியும் பூவும் நான் வாங்கிவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வர வேண்டாம், நேரே கல்லறைத் தோட்டத்துக்கு வாருங்கள். நிப்பிளை உங்கள் கையில் கொடுத்துவிட்டு அதன் வாசலிலேயே நிற்பேன், உங்களோடு உள்ளே வரமாட்டேன். அவன் பொய் சொல்லவில்லை என்று அவனிடம் நீங்கள் தனியாகத்தான் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தபின் சேர்ந்தே வீட்டுக்குப் போவோம்.

செலின்