மூன்று தொட்டிக்குப் பீலித் தண்ணீர்

கடல் உப்போடு மல்லுக்கட்டிய என் மகாராணி, மருமகள் வசந்திக்கு,

ஓப்பநாயக்கவிலிருந்து மாமா எழுதுகிறேன். நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது. அதனால் ஊரே படிக்கட்டும்.

கடல் பொங்கி வந்துபோன பிறகு, உன்னோடு படித்த நூர்ஜஹானின் கல்முனைத் தோட்டத்தில் கீரைகூட முளைக்கவில்லை. அந்த மண்ணிலும் காய்க்கும் கத்தரியை உண்டாக்குகிறேன் என்று நம் லயத்து வீட்டு வாசலில் தகரக் கூரை போட்டாய். நம் இரத்தினபுரி மழை விட்டால் சமுத்திரத்தையே நன்னீராக்கிவிடுமே! ஊர்க் கத்தரிக்கும் காட்டுக் கத்தரிக்கும் பூவோடு பூவாகக் கல்யாணம் கட்டிவைத்தாய். தொட்டிகளில் பேரப்பிள்ளைகள் முளைத்ததும் அவர்களுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினாய்.

எமலோகத்தில்கூட அப்படியொரு தண்டனை கிடையாது. நீ வேலைக்குப் போனதும், மனசு கேட்காமல் மூன்று தொட்டிக்கு மட்டும் மலை ஊற்றிலிருந்து வரும் உப்பில்லாத பீலித் தண்ணீர் ஊற்றினேன். மூன்றும் யானை படுத்துறங்கும் அளவுக்கு நிழல் விரித்தன. நீ பூரித்துப்போய் விதைக்கென்று நூல் கட்டினாய். அந்த விதை கல்முனைக்குப் போயிருந்தால் நூர்ஜஹானுக்கு இன்னொரு போகமும் வீண்.

ஒரு காலையில் தொட்டி மண்ணை நாக்கில் வைத்தாய்.

"மாமா, இதுல உப்பே இல்லையே?"

"மழையா இருக்கும் தாயி."

"தகரத்துக்குக் கீழ, மூணு தொட்டிக்கு மட்டும் பேஞ்ச மழையா?"

நான் தலை குனிந்தேன். நீ ஏசவில்லை. "வாடுறத வாட விடணும் மாமா. அப்பத்தான் எது நிக்கும்னு தெரியும்" என்றாய். மூன்று தொட்டியிலும் 'மாமா' என்று எழுதி ஒட்டினாய். காய்களைக் கறி வைத்தாய். அவ்வளவு ருசியான அவமானத்தை நான் அதற்கு முன் தின்றதில்லை.

நிஜமாகவே தாக்குப்பிடித்தது மூலையில் நின்ற கூனல் செடி ஒன்றுதான். அதன் விதையில்தான் எல்லாம் தொடங்கியது.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று உப்புத் தண்ணீர் வாளியை என் கையில் கொடுத்தாய். யாரை நம்பி, வசந்தி? பீலித் தண்ணீர்த் திருடனையா?

போன வாரம் நூர்ஜஹான் பஸ் ஏறி வந்தாள். "எங்கட மண்ணுல காய்ச்சது மாமா" என்று ஒரு பையைக் கொடுத்தாள். கப்பல் கப்பலாகக் கத்தரிக்காய் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் கட்டைவிரல் அளவுதான்.

இன்று காலையும் ஐந்து கன்று வாடிக் கிடந்தது. பீலி வாளியைத் தூக்கினேன். கீழே வைத்துவிட்டேன்.

இனியும் அப்படியே வைப்பேன், தாயி. தினமும் மண்ணை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். என் மேல் எனக்கு இன்னும் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

நீ நம்பி வாளி கொடுத்த,
உன் தாய்மாமன்